நான் அழித்த புள்ளி

"நிக்கிறேன், மேடம்." வாக்கிடாக்கியில் அவர் குரல் முதலில் இப்படித்தான் வரும். மின்கம்பமோ, புளியமரமோ, வீட்டு மூலையோ, வாய்க்காலின் கரையோ, எதுவாக இருந்தாலும் அந்த இடத்தில் கோலை ஊன்றி, கோல் நேராக நிற்கிறதா என்று காட்டுகிற குமிழி நடுவுக்கு வந்த பிறகுதான் அந்த வார்த்தையைச் சொல்வார். ஒரு விநாடி முந்திச் சொல்லி நான் கேட்டதில்லை. முந்நூறு அடி தள்ளி நிற்கிற என் கருவியின் கண்ணாடி வழியாகப் பார்த்தால், கோலின் உச்சியில் பளபளக்கிற பிரிசக் கண்ணாடியும் அதற்குக் கீழே அவருடைய நீலத் துண்டுத் தலைப்பாகையும் தெரியும். பொத்தானை அழுத்துவேன். அந்த இடத்தின் தூரமும் மட்டமும் பதிவாகிவிடும். "ஆச்சுண்ணே" என்பேன். அவர் அடுத்த இடத்துக்கு நடப்பார்.

ஒரு சாலையோ பாலமோ வருவதற்கு முன்னால் அந்த நிலத்தில் என்னென்ன இருக்கிறது என்று ஒன்றுவிடாமல் அளந்து படமாக்கிக் கொடுப்பது எங்கள் வேலை. மரத்துக்கு ஒரு குறியீடு, கிணற்றுக்கு ஒரு குறியீடு, வரப்புக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று. எங்கோ ஒரு நகரத்தில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் அந்தப் படத்தின் மேல்தான் சாலையைப் போடுவார்கள். படத்தில் இருப்பது அவர்களுக்கு உண்டு, இல்லாதது இல்லை. இதை நானே புதிதாக வருகிறவர்களுக்கு ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன். சொன்ன வாய்க்குச் சர்க்கரை போடுவதா, சூடு போடுவதா என்று இப்போது தெரியவில்லை.

தஞ்சாவூரில் ஒரு சிறிய தனியார் சர்வே அலுவலகம். அதில் நான் சர்வேயர், அவர் செயின்மேன். சங்கிலி போட்டு அளந்த காலத்துப் பெயர். சங்கிலி போய் வெகுகாலமாகியும் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. என்னைவிடப் பத்து வயது பெரியவர் என்பதால் அண்ணே என்று கூப்பிடுவேன். அவருக்கு நான் கடைசிவரை மேடம்தான். எனக்கு மூக்கின்மேல் கோபம். வெயில் ஏற ஏற ஏறும். "மெசின் சூடாயிடும்னு குடை புடிக்கிறோம், மேடம். உங்களுக்கு யாரு புடிக்கிறது?" என்பார். எனக்குச் சிரிப்பு வந்துவிடும். கோபம் வந்தால் சாப்பிடாமல் இருப்பேன் என்பது தெரிந்து, அவர் மனைவி எனக்கென்று தனியாக ஒரு டப்பாவில் சுண்டைவற்றல் குழம்பு கொடுத்தனுப்புவார். அந்த அக்காவை நான் அப்போது பார்த்ததுகூட இல்லை. மூன்று வருடம் அவர் கைக்குழம்பைச் சாப்பிட்டிருக்கிறேன்.

அவருடைய அப்பா கடைசிவரை அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர். இவர் காலத்தில்தான் அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமாக மூன்று மா நிலம் வந்தது. மூன்று மா என்றால் ஒரு ஏக்கர். அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரல் தணிந்துவிடும், தூங்குகிற குழந்தை பக்கத்தில் இருப்பதுபோல. அந்த நிலத்தை ஒட்டியேதான் ஒரு புறவழிச்சாலை வரப்போகிறது, அதற்கு நாங்களே அளக்கப் போகிறோம் என்று தெரிந்த அன்று அவருக்கு ஒரே பெருமை. "எங்க ஊருக்கே அளக்க வரோம், மேடம்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் கோலோடு வயலில் இறங்கியதும் தெருவே வந்து கரையில் நின்று பார்த்தது.

அது சித்திரை மாதம். டெல்டாவில் அளப்பதற்கு அதுதான் தோதான காலம். அறுவடை முடிந்து, வயல் வெடித்து, எங்கு வேண்டுமானாலும் காலை வைத்து நடக்கலாம். தண்ணீரில்லாத காலத்தில் தண்ணீர் ஓடுகிற ஊரை அளக்கிறோம் என்று அப்போது ஒருவருக்கும் தோன்றியதில்லை. எனக்கும் தோன்றவில்லை.

பதினோரு மணி இருக்கும். சாலை போகப்போகிற கோட்டின் மேலேயே, ஒரு நீண்ட வரப்பின் நடுவில் போய் நின்றார். "நிக்கிறேன், மேடம்." கண்ணாடியில் பார்த்தேன். மரமில்லை, கம்பமில்லை, ஒன்றுமில்லை.

"என்னண்ணே அங்க?"

"ஐப்பசி மழையில இந்த எடத்துலதான் வரப்ப வெட்டி விடுவோம். மேக்கால இருக்கிற அத்தனை வயல் தண்ணியும் இப்படித்தான் வடியணும், மேடம். இத விட்டா வேற வழி கெடையாது. ஒரு புள்ளி எடுத்துக்குங்க."

"குழாய் இருக்கா? கல்லு கட்டியிருக்கா?"

"அதெல்லாம் இல்ல. மழைக்கு வெட்டுவோம், தையில அடைச்சுடுவோம். மம்பட்டிதான்."

"மம்பட்டிக்கெல்லாம் குறியீடு இல்லண்ணே. நகருங்க."

அவர் நகரவில்லை. மூன்று வருடத்தில் அவர் என் பேச்சைக் கேட்காதது அந்த ஒரு முறைதான். வெயிலில் கோலைப் பிடித்துக்கொண்டு, குமிழியைப் பார்த்தபடி அப்படியே நின்றார். கரையில் அவர் ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எரிச்சலோடு பொத்தானை அழுத்தினேன். 'இதர' என்கிற குறியீட்டைப் போட்டேன். நானூற்றுப் பதினேழாம் புள்ளி. "ஆச்சு, போதுமா?" என்றேன். "போதும், மேடம்" என்று சொல்லிவிட்டு, கரையில் நின்றவர்களைப் பார்த்து, எடுத்தாச்சு என்று கையைக் காட்டினார்.

இரண்டு நாள் கழித்து அலுவலகத்தில் படம் வரைகிற தம்பி கேட்டான்: "அக்கா, வரப்பு மேல ஒரு புள்ளி தனியா கெடக்கு, இதரன்னு. என்னன்னு எழுதறது?" அதற்கு முந்தின வேலையில் இப்படி விளக்கமில்லாத புள்ளிகள் சில இருந்ததால் படம் திரும்பி வந்து, கூட்டத்தில் நாலு பேர் முன்னால் நான் பாட்டு வாங்கியிருந்தேன். அது ஒரு காரணம். உண்மையான காரணம் வேறு. அந்த வரப்புக்கு மேற்கே முதல் வயல் அவருடைய மூன்று மா. தன் வயலுக்காக ஒரு பாலம் கேட்கிறார் மனுசன் என்று நினைத்தேன். நேர்மையாக வேலை பார்க்கிறேன் என்கிற திமிர். "தூக்கிடுப்பா" என்றேன். ஒரு விசையைத் தட்டினான், போய்விட்டது. அந்த டப்பாவில் அன்றைக்கும் அக்காவின் குழம்பு இருந்தது, சாப்பிட்டேன்.

அடுத்த வருடம் சாலை வந்தது. ஆளுயரத்துக்கு மேல் மண்ணடித்து மேடாக்கி, வரப்பு இருந்த தடமே தெரியாமல் போட்டார்கள். எங்கெங்கே படத்தில் வாய்க்கால் இருந்ததோ அங்கெல்லாம் ஒழுங்காகப் பாலம் வைத்தார்கள். அந்த ஐப்பசியில் ஐந்து நாள் விடாமல் மழை. மேற்கே இருந்து வடிந்து வந்த தண்ணீர் சாலை மேட்டில் முட்டிக்கொண்டு நின்றது. வெட்டிவிட வரப்பு இல்லை. சாலையை மண்வெட்டியால் வெட்ட முடியுமா? நட்டு ஒரு மாதமான சம்பாப் பயிர் பன்னிரண்டு நாள் தண்ணீருக்குள் கிடந்து அழுகியது. அவருடையது மட்டுமில்லை, அந்தத் தெருவில் பாதிப்பேருடையது.

"ஊர் வாயை மூட உலைமூடி இல்லை" என்பார்கள். கோலைப் பிடித்து அளந்தவன் இவன்தானே, இவனுக்குத் தெரியாதா என்று ஆரம்பித்திருக்கிறது. அவர், "நான் அந்த எடத்துல நின்னேன். மேடம் எடுத்தாங்க. நீங்களே பாத்தீங்கல்ல?" என்று சொல்லியிருக்கிறார். எனக்குப் போன் செய்தார். குரலில் பதற்றம் இல்லை, நம்பிக்கைதான் இருந்தது. அதுதான் என்னை இன்றுவரை அறுக்கிறது. "மேடம், அந்தப் புள்ளி நம்ம படத்துல இருக்குல்ல? ஊர்ல கேக்குறாங்க. நீங்க ஒரு எட்டு வந்து சொல்லிட்டீங்கன்னா போதும், ரோட்டுக்காரன்தான் உட்டுட்டான்னு தெரிஞ்சுடும்."

"பாக்கிறேண்ணே" என்றேன்.

என்னத்தைப் பார்ப்பது? அழிக்கச் சொன்னது நான். கருவியிலிருந்து இறக்கிய மூலப் பதிவை நாங்கள் அழிப்பதில்லை. அதில் நானூற்றுப் பதினேழாம் புள்ளி நாளோடும் நேரத்தோடும் பத்திரமாக இருந்தது. அச்செடுத்துக்கொண்டு பஸ் ஏறினால் நாற்பது நிமிடம். போயிருந்தால் வேலை போயிருக்கும், அலுவலகத்தின் பெயர் கெட்டிருக்கும். அதையெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். கோழைக்குக் காரணமா கிடைக்காது?

ஊர்க்காரர்கள் மனுப் போட்டுப் படத்தின் நகலை வாங்கிவிட்டார்கள். அந்த இடத்தில் ஒரு புள்ளியும் இல்லை. அன்றோடு அவர் துரோகி மட்டுமில்லை, பொய்யனும் ஆனார். அலுவலகத்தில் ஒரு நாள் படத்தை விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். நான் பக்கத்து மேசையில் இருந்தேன். அவர் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. படத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போனார். அந்த மாதத்தோடு வேலையிலிருந்து நின்றுவிட்டார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது வெறும் பழமொழி என்று நினைத்திருந்தேன்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மேட்டூரில் தண்ணீர் திறப்பதற்கு முன்னால், வைகாசியில் வீட்டுக்கு ஓர் ஆள் என்று மண்வெட்டியோடு வந்து வாய்க்காலைத் தூர்வாருவார்கள். கூலி இல்லை. வேலையில் நிற்பவன் ஊரில் ஒருவன் என்பதுதான் கூலி. அவர் அப்பா காலத்தில், நிலமில்லாத வீட்டுக்கு அந்த அழைப்பே வராதாம். மூன்று மா வாங்கிய வருடம் முதன்முதலாகத் தன் வீட்டுக்கும் ஆள் கேட்டு வந்தார்கள் என்பதை அவர் என்னிடமே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். பயிர் அழுகிய மறு வைகாசியில் அவர் மண்வெட்டியோடு போய் நின்றிருக்கிறார். "ஒன் வீட்டு ஆளு வேணாம்" என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வருடமும் போயிருக்கிறார். அப்போதும் அதே பதில்.

அப்புறம் ஊரே போராடி, சாலையைக் குடைந்து அந்த இடத்தில் ஒரு பெரிய குழாய் பதிக்க வைத்தது. சரியாக அவர் நின்ற இடத்தில். அப்போதுகூட அவர் பெயரை யாரும் எடுக்கவில்லை. திருப்பூரில் கட்டிக்கொடுத்த ஒரே மகளிடம் போய்விட்டார், ஒரு பனியன் கம்பெனியில் காவலாளி வேலை. அங்கேயே மாரடைப்பில் இறந்துபோனார். படம் வரைகிற தம்பி போனில் சொன்னான். சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். யாருக்கு வேண்டும் அந்த அழுகை?

போன வைகாசியில், அந்த மூலப் பதிவை ஒரு தாளில் அச்செடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். அக்கா ஊருக்கே திரும்பி வந்து தனியாக இருந்தார். நான் யாரென்று சொன்னதும், "குழம்பு சாப்பிடற மேடமா?" என்று கேட்டு உட்காரச் சொன்னார். உட்காராமல் எல்லாவற்றையும் சொன்னேன். புள்ளியைச் சொன்னேன், அழித்ததைச் சொன்னேன், போனில் பாக்கிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருந்ததைச் சொன்னேன். தாளை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"அவருக்குத் தெரியும்மா. படத்தப் பாத்தன்னைக்கே தெரியும். பயந்துருக்கும், சின்னப் பொண்ணு, வரும், வந்து சொல்லும்னாரு. ரெண்டு ஐப்பசி நீங்க வருவீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தாரு."

அப்போதுதான் உட்கார்ந்தேன். அக்கா ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து சொன்னார்: "எங்கிட்ட ஏம்மா காட்டுறீங்க? எனக்கு அவரத் தெரியாதா? ஊர்ல காட்டுங்க. இன்னைக்கு வாய்க்கால்லதான் நிக்கிறாங்க எல்லாரும்."

அவரே முன்னால் நடந்தார். வாய்க்காலில் முப்பது, நாற்பது பேர் மண்வெட்டியோடு நின்றார்கள். அக்கா கரையில் நின்று, "இந்தப் பொண்ணு ஒண்ணு சொல்லணுமாம்" என்றார். மண்வெட்டிச் சத்தம் நின்றது. சொன்னேன். "அவர் அந்த எடத்துல நின்னாரு. நகரச் சொன்னேன், நகரல. நான் எடுத்தேன், அப்புறம் நானே அழிச்சேன். அவர் பேர்ல ஒரு தப்பும் இல்ல." தாள் கைக்குக் கை மாறிப் போனது. படிக்கத் தெரிந்த ஒருவர் நாளையும் நேரத்தையும் உரக்கப் படித்தார்.

நரைத்த மீசைக்காரர் ஒருவர், இரண்டு வருடமும் அவரைத் திருப்பி அனுப்பியவர் இவர்தான் என்று பின்னால் தெரிந்தது, என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அந்த மனுசன் உசுரோட இருந்தப்ப நீ எங்கம்மா இருந்த?"

"தஞ்சாவூர்லதான் இருந்தேன்" என்றேன்.

அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு கரையில் நின்ற அக்காவை அண்ணாந்து பார்த்து, தட்டுத்தடுமாறிச் சொன்னார்: "நாளைக்கும் வேலை இருக்கும்மா. ஒங்க வீட்டு ஆளையும் அனுப்பு."

அக்கா சேலைத் தலைப்பை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டார்.

"எங்க வீட்டுல ஆளு யாரு மாமா இருக்கா?" என்றார்.