மாமா கண்டுபிடித்த சவலைக் கால்

எழுபது தாண்டியும் நான் தரையில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுந்திருப்பேன். நெல்லித்தோப்பில் எங்கள் தெருவில் என் வயதுக்காரிகள் யாருக்கும் இது வராது. ஜிம்முக்குப் போகிற என் மருமகளே என்னைப் பார்த்துத்தான் தன்னைத் திருத்திக்கொள்கிறாள். ஆனால் ஒரு காலத்தில் எங்கள் வீட்டில் எனக்குக் கால் சவலை என்று முடிவுகட்டி வைத்திருந்தார்கள்.

முடிவுகட்டியவர் அம்மாவின் தம்பி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து, சண்டையெல்லாம் பார்த்துவிட்டு எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தார். தரையில் உட்கார மாட்டார். வெள்ளைக்காரப் பழக்கம் என்று நாற்காலியில்தான் சாப்பாடு. அவருக்குப் பாகூர் பக்கம் பெண் பேசியிருந்தது. பட்டாளத்து மாப்பிள்ளை என்றதும் சரி என்ற பெண்ணின் அப்பா, காலில் குண்டு பட்டதாகக் காதில் விழுந்ததும் ஆள் அனுப்பினார். "காலு நல்லா இருந்தாதான் பொண்ணாம்" என்றார் வந்தவர்.

மாமா சிரித்தார். தொடையைத் தட்டிக் காட்டி, "இரும்புன்னு போயி சொல்லு" என்றார். நானும் இரும்பு என்றே நம்பினேன்.

அதற்கு அடுத்த வாரம்தான் என் கால் சவலை ஆனது.

"இவ நடக்கறதப் பாருக்கா. தொடையில வலுவே இல்ல. தெனம் காலையில நான் பழக்கி வுடறேன்."

"நாள் முழுக்கக் குந்திக்கினு கல்லாங்கா ஆடறவடா. இவளுக்கு என்னா கேடு?"

"குந்தறதுலயும் மொற இருக்குதுக்கா."

அம்மா மாமாவின் காலை ஒருமுறை பார்த்தாள். அதற்கு மேல் பேசவில்லை. எனக்குத் தினம் ஒரு அவித்த முட்டை கிடைத்ததால் நானும் பேசவில்லை.

கிணற்றடியில் எதிரெதிரே நிற்போம். காலைத் தோள் அகலத்துக்கு வைக்க வேண்டும். பின்னால் நாற்காலி இருப்பதாக நினைத்து இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி இறங்க வேண்டும். நெஞ்சு நிமிர்ந்திருக்கணும், முட்டி உள்பக்கம் மடங்கக் கூடாது. குதிகால் மட்டும் மண்ணை விட்டுக் கிளம்பவே கூடாது. அதை அழுத்தித்தான் எழ வேண்டும். அவசரப்பட்டால் "தூஸ்மான்" என்பார். பிரெஞ்சில் மெதுவாக என்று அர்த்தம்.

நான் விழுந்துவிடுவேனாம், அதற்காக என் தோளில் கை வைத்துக்கொள்வார். அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தது போல இருக்கும். எனக்குச் செய்து காட்ட முதலில் மரப்பெட்டியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார். பிறகு அதைவிடத் தாழ்ந்த முக்காலி வந்தது, அப்புறம் மணைப் பலகை. கல்யாணம் நெருங்கியபோது பலகையும் இல்லை. வேர்வை அவருக்குத்தான் கொட்டும். சொல்லிக் கொடுப்பது அவ்வளவு கஷ்டம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். போகப் போக அவர் குதிகாலை நானே திருத்தும் அளவுக்குத் தேறிவிட்டேன்.

கல்யாணம் பெண் வீட்டுப் பந்தலில். தாலி கட்டியதும் பெரியவர்கள் காலில் விழச் சொன்னார்கள். மாமனார் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை, காலையே பார்த்தார். மாமா விழுந்து, குந்தி, எழப் போனார். வலது குதிகால் கிளம்பிவிட்டது.

"மாமா, குதிகாலு தூக்குது. தூஸ்மான்" என்றேன். நாதஸ்வரம் அப்போது பார்த்து நின்றிருந்தது.

மாமனார் என் பக்கம் திரும்பினார். அம்மா என்னைக் கிள்ளினாள். மாமா குதிகாலை இறக்கி, அழுத்தி, மெதுவாக நிமிர்ந்தார்.

"எங்க அக்கா பொண்ணு. காலு சவலை, பழக்கிக்கினு இருக்கறேன். அதுக்குப் பாக்கறதெல்லாம் குதிகாலுதான்."

"அடப் பாவமே, பொட்டப் புள்ளைக்கி இப்பிடியா" என்ற மாமனார், பந்தியில் என் இலைக்கு வடை கூடுதலாக வைக்கச் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பந்தி நடுவிலேயே குந்திக் குந்தி எழுந்து காட்டினேன். மாப்பிள்ளை நன்றாகத்தான் பழக்கியிருக்கிறார் என்று பெண் வீட்டார் மெச்சினார்கள். கல்யாணப் பெண் மட்டும் குனிந்த தலை நிமிராமல் மாமாவின் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்த மறுநாள் காலை வழக்கம்போல் கிணற்றடிக்கு ஓடினேன். நான் நிற்கும் இடத்தில் புது அத்தை நின்றிருந்தாள். அவள் தோளில் மாமாவின் கை. இருவரும் சேர்ந்தே இறங்கினார்கள், சேர்ந்தே எழுந்தார்கள்.

அடுப்படிக்கு வந்து, "அத்தைக்கும் காலு சவலையாம்மா" என்றேன்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை விசாரித்த பெண் வீட்டார் இதை மட்டும் மறைத்துவிட்டார்களே, மாமா இப்படி ஏமாந்துவிட்டாரே என்று அன்று முழுக்க எனக்கு மனசே ஆறவில்லை.