இருபத்தேழாம் நம்பர் கதவு

எங்கள் குடும்பத்தில் யார் எதை உடைத்தாலும், தொலைத்தாலும், பேச்சு கடைசியில் வந்து நிற்கிற இடம் ஒரு காரின் இடது பக்கக் கதவு. “இதென்ன பெரிசு, அந்தக் கதவையே கழுவி விட்டவ ஒருத்தி இருக்கா” என்று யாராவது என் பக்கம் கை காட்டிவிடுவார்கள். எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. என் மகளுக்கு முன்னாலேயே சொல்கிறார்கள். அவளும் சேர்ந்து சிரிக்கிறாள்.

இலஞ்சியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், தென்னந்தோப்பை ஒட்டி, தேங்காய் போட்டுவைக்கிற கொட்டகை உண்டு. பாதி தேங்காய்க்கு, பாதி சித்தப்பாவின் காருக்கு. அப்பாவின் ஒரே தம்பி அவர். தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். வாரத்தில் ஆறு நாள் அமிலமும் சோதனைக் குழாயும். ஏழாவது நாள் காருக்கு அடியில் மல்லாந்து கிடப்பார். இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரியும். விருந்தாளிகள் அந்தக் கால்களிடம்தான் நலம் விசாரித்துவிட்டுப் போவார்கள்.

அது சாதாரணக் கார் இல்லை. இங்கிலாந்தில் செய்தது. கரும்பச்சை நிறம். இரண்டு பேர்தான் உட்காரலாம், கூரை கிடையாது. செங்கோட்டைக்கு மேலே மலையில் எஸ்டேட் வைத்திருந்த ஒருவர் அதைச் சென்னைக்குப் பக்கத்தில் சோழவரம் வரை கொண்டுபோய், அங்கே பழைய விமான ஓடுபாதையில் நடந்த பந்தயங்களில் ஓட்டியிருக்கிறார். பிற்பாடு அவர் எஸ்டேட்டை விட்டுப் போகும்போது, எஞ்சின் செத்துக் கிடந்த காரை, வாரம் தவறாமல் மலையேறி வந்து பார்த்துவிட்டுப் போன சித்தப்பாவுக்கே கொடுத்துவிட்டார். அதை மறுபடி ஓட வைக்க சித்தப்பாவுக்கு மூன்று வருஷம் பிடித்ததாம்.

ஒன்பது வயதில் நான் கேள்வி கேட்பதற்கென்றே பிறந்தவள் மாதிரி இருந்தேன். பானட்டுக்கு ஏன் இடுப்புக்குக் கட்டுவதுபோலத் தோல் பெல்ட்? ஓடுகிற ஓட்டத்தில் திறந்துகொள்ளாமல் இருக்க. சக்கரத்துக்கு ஏன் சைக்கிள் மாதிரி கம்பிகள்? எடை குறைய. நடுவில் ஏன் ஒரே ஒரு மரை? சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினால் சக்கரம் கையோடு வந்துவிடும், பந்தயத்தில் அஞ்சு மரையைக் கழற்றிக்கொண்டிருக்க நேரம் ஏது. மற்றவர்கள் ‘சும்மா இரு’ என்று சொல்லுகிற இடத்தில் சித்தப்பா ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொல்வார். அதிலும் அந்தக் கைப் பிரேக் என்னைத் தூங்கவிடவில்லை. ஊரில் உள்ள கார்களில் பொத்தானை அமுக்கினால் பிரேக் விடும். இதில் பொத்தானை அமுக்கினால்தான் பிடித்து நிற்கும். சும்மா இழுத்துத் தட்டினால் விட்டுவிடும். கொடி அசைந்த நொடியில் பொத்தானைத் தேடிக்கொண்டு இருக்க முடியுமா என்று கேட்டார். உலகமே இந்தப் பிரேக் மாதிரி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

எல்லாவற்றையும் தொடலாம், கதவைத் தவிர. இடது கதவில் வெள்ளையாக 27 என்று எழுதியிருந்தது. கான்வாஸ் ஷூவுக்குப் பூசுகிற வெள்ளையைக் குழைத்து, பந்தயத்தன்று காலையில் அவசரமாக யாரோ எழுதியது. ஏழின் காலில் ஒரு சொட்டு வழிந்திருந்தது. ஆனால் நேராகக் கீழே இறங்காமல், வண்டியின் பின்பக்கமாகச் சாய்ந்து, எலிவால் போல மெலிந்து ஓடியிருந்தது. காய்வதற்குள் காரைக் கிளப்பிவிட்டார்கள், காற்று அதை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. சித்தப்பா என் விரலைப் பிடித்து, கதவில் படாமல், அந்த வாலின் மேலேயே காற்றில் ஓட்டிக் காண்பித்தார்.

“வேகத்தக் கண்ணால பாக்க முடியாதும்பாவ. இங்கன பாரு. இதாம்டி வேகம்.”

தண்ணீர் பட்டால் போய்விடுகிற எழுத்து அது. குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு சாரல் படாமல் ஒரு கதவைக் காப்பாற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. ஆனி ஆடி மாதங்களில் கதவுக்குப் பாலிதீன் உறை போட்டு, அதன்மேல் தன் பழைய வேட்டியைச் சுற்றி வைப்பார். எனக்குக்கூட அப்படியொரு கவனிப்பு இருந்ததில்லை. நான் நனைந்துகொண்டுதான் பள்ளிக்கூடம் போனேன்.

சித்தப்பாவுக்கு வயது முப்பத்தைந்தாகியும் கல்யாணம் ஆகவில்லை. பெண் கொடுக்க வந்த இரண்டு வீட்டார் காருக்கடியில் நீட்டிக்கொண்டிருந்த கால்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதாக அப்பா சொல்வார். இந்தக் கார் வீட்டை விட்டுப் போனால்தான் தம்பிக்கு ஒரு வழி பிறக்கும் என்று அவர் முடிவே கட்டிவிட்டார். பழைய பந்தயக் கார்களைத் தேடித்தேடிச் சேர்க்கிற கோயம்புத்தூர்க்காரர் ஒருவரைப் பிடித்துப் பேசி, சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் வந்து பார்த்து எடுத்துக்கொள்ளலாம் என்று வாக்கும் கொடுத்துவிட்டார். அதன்பிறகுதான் சித்தப்பாவிடம் சொன்னார்.

சித்தப்பா “சரிண்ணே” என்றார்.

வேறு எதுவும் சொல்லமாட்டார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அப்பா சொல்லுக்கு அவர் முகத்துக்கு நேராக மறுப்புச் சொல்லி யாரும் பார்த்ததில்லை. அப்பா போட்ட சோற்றில், அப்பா கட்டின பீஸில் படித்தவர். அண்ணன் நிற்கும்போது நாற்காலியில்கூட உட்காரமாட்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதேன். அவரோ அமைதியாக கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். பெரியவர்களுக்கு மனசு கல்லாகிவிடும்போலிருக்கிறது என்று அவர்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது.

பூஜைக்கு முந்தின நாள் காலை, சித்தப்பா என்னைக் கொட்டகைக்குக் கூப்பிட்டார். வருஷா வருஷம் பூஜைக்குக் காரைத் துடைப்பவர் அவர்தான், வேறு ஆளை விடமாட்டார். அன்று என் கையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொடுத்தார். கிண்ணத்தில் கரைத்த புளியும் பிழிந்த எலுமிச்சைத் தோலும் இருந்தன. குத்துவிளக்கு தேய்க்கிற அதே சாமான்கள், கூடவே தேங்காய் நாரும்.

“நாளைக்கு பூச. நீயே தேச்சுக் கழுவிரு. நான் அருவிக்குப் போயிட்டு வாரேன்.”

எல்லாத்தையுமா என்று கேட்டேன். எல்லாத்தையும்தான் என்றார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வாசல் வரை போனவர் திரும்பி, கொஞ்ச நேரம் காரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய்விட்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை நாள் வேறு யாரையும் துடைக்க விடாத கார் முழுசாக என் கையில். விளக்குகளைப் புளி போட்டுத் தேய்த்தேன், பளபளத்தன. ரேடியேட்டர் மூடியைத் தேய்த்தேன். கதவுக்கு வந்தபோது கை தானாக நின்றது. ஆனால் எல்லாத்தையும் என்றுதானே சொன்னார்? ஓரத்தில் மட்டும் தேய்க்கலாம் என்று ஆரம்பித்தேன். எலுமிச்சைத் தோலிலிருந்து ஒரு சொட்டு இரண்டின் வளைவில் தெறித்தது. அங்கே பொடிப்பொடியாக நுரை வந்தது. குனிந்து காதை வைத்தேன். மெல்லிசாக ஒரு சத்தம். கார் மூச்சு விடுகிறது என்று நிஜமாகவே நம்பினேன். இன்னொரு சொட்டு விட்டேன். இன்னும் கொஞ்சம் மூச்சு. எலுமிச்சைத் தோலைப் பிழிந்து பிழிந்து, எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது. கடைசியில் வாளித் தண்ணீரை ஊற்றியபோது கதவு, எண்ணெய் தேய்த்த முதுகு மாதிரி பச்சையாக மின்னியது. இரண்டும் இல்லை, ஏழும் இல்லை, எலிவாலும் இல்லை.

நான் அலறின அலறலில் அம்மா ஓடிவந்தாள். அப்பா வந்து பார்த்து, தலையில் அடித்துக்கொண்டு, என் முதுகிலும் இரண்டு வைத்தார். அதற்குள் சித்தப்பா திரும்பி வந்துவிட்டார். என்னை அப்பாவிடமிருந்து இழுத்துத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டார். கதவுப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. அவர் தோளிலிருந்து தொங்கிய துண்டில் முகத்தைப் புதைத்து அழுதேன். துண்டு காய்ந்து மொரமொரப்பாக இருந்தது. அருவியில் குளிக்கவில்லையா என்று விக்கலுக்கு நடுவிலும் கேட்டேன். கூட்டம் என்றார். கண் மட்டும் குளித்தவர் மாதிரி சிவந்திருந்தது.

பூஜைக்கு மறுநாள் கோயம்புத்தூர்க்காரர் வந்தார். வெள்ளைச் சட்டை, கண்ணாடிப் பேப்பரில் சுற்றிய ஒரு பழைய போட்டோ, ஒரு பூதக்கண்ணாடி. போட்டோவில் எங்கள் கார் வைக்கோல் கட்டுகளை ஒட்டி வளைந்து போய்க்கொண்டிருந்தது. கதவில் 27, ஏழின் காலில் அதே வால். இந்த ரகக் கார்கள் இன்னும் சில இருக்கின்றன, தனக்கு வேண்டியது சோழவரத்தில் ஓடிய இந்த ஒன்றுதான் என்றார். எஞ்சினை எஸ்டேட்டிலேயே மாற்றியிருந்தார்கள், பழைய தாள்களும் இல்லை. அதனால் கதவுதான் சாட்சி. அப்பா என்னைக் காட்டி நடந்ததைச் சொன்னார். வந்தவர் வெகுநேரம் கதவைப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். பிறகு சித்தப்பாவின் பக்கம் திரும்பினார்.

“நீங்க தெனமும் பாத்தவருங்க. நீங்க சொன்னா நான் நம்பறேன். அந்த ஏழுல இந்தச் சொட்டு இருந்துதுங்களா?”

சித்தப்பா போட்டோவைக் கையில் வாங்கிப் பார்த்தார். கட்டைவிரலால் அந்த வாலை ஒரு தடவை தடவிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“ஞாபகம் இல்ல சார்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் விரலைப் பிடித்து அந்த வாலை எழுதிக் காட்டியவர் அவர்தானே? நான் வாயைத் திறப்பதற்குள், சாருக்குத் தண்ணீர் கொண்டுவா என்று என்னை உள்ளே விரட்டினார். சொம்போடு நான் திரும்பியபோது, வந்தவர் கார் வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். துக்கத்தில் மனுஷனுக்கு மறந்தே போய்விட்டது என்று நினைத்து, நான் செய்த பாவத்துக்கு இன்னும் கொஞ்சம் அழுதேன்.

மறுநாள் விடிந்ததும் சித்தப்பா முன் கண்ணாடியை மடக்கிப் படுக்க வைத்து, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, குற்றாலம் ரோட்டில் காரை விரட்டினார். பிரேக்கைத் தட்டுகிற வேலை எனக்கு. அழுது வீங்கிய கண்ணில் வந்த தண்ணீர் கன்னத்தில் இறங்காமல் காதுப் பக்கமாக ஓடியது. நம்பரை நானே ஷூ வெள்ளையில் எழுதித் தரட்டுமா என்று காற்றில் கத்திக் கேட்டேன்.

“வேண்டாம்டி. ஓடுனது அதுக்குத் தெரியும்.”

பத்தாம் வகுப்பில், டீச்சர் அமிலத்தில் சாக்பீஸைப் போட்டுக் காட்டியபோது அதே நுரை வந்தது. ஷூ வெள்ளையும் அதே சுண்ணாம்புதான். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. என் குற்றத்துக்கு அறிவியல் விளக்கம் கிடைத்துவிட்டது என்று கூனிக் குறுகியதுதான் மிச்சம். அந்தச் சோதனைக்குக் குடுவை கழுவி வைக்கிற வேலையில் சித்தப்பா இருபது வருஷம் இருந்தார் என்பது ஏனோ தோன்றவில்லை. போன வருஷம் கோயம்புத்தூரில் ஒரு பழைய கார்க் கண்காட்சிக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். கயிறு கட்டி வைத்திருந்த ஒரு பந்தயக் காரில் மங்கிய நம்பர் இருந்தது. மகள் கையை நீட்டியதும், காவலுக்கு நின்றவர் பதறிப்போய்க் குறுக்கே வந்தார். அந்தப் பதற்றத்தைப் பார்த்த இடத்திலேயே, புளிக் கிண்ணமும் காய்ந்த துண்டும் எனக்கு ஒன்றாக நினைவுக்கு வந்தன.

ஒன்பது வயதில் எனக்குத் தெரியாது, ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டுமானால் அதில் தனக்கு உயிரான பகுதியையே அழிக்க வேண்டி வரும் என்று. அதைத் தன் கையால் செய்ய அவருக்குத் தைரியம் இல்லை. நான் தேய்த்து முடிக்கிறவரை, தோப்புக்குள் ஏதோ ஒரு தென்னைக்குப் பின்னால் அவர் நின்றிருக்க வேண்டும்.

இன்றும் எல்லோரும் அந்தக் கதவைச் சொல்லி என்னைக் கேலி செய்கிறார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடச் சொல்லாதவர் சித்தப்பா மட்டும்தான். அந்தப் பேச்சு வந்தால் எழுந்து கொட்டகைக்குப் போய்விடுவார். நான் செய்த பாவத்தை அவரால் இன்னும் தாங்க முடியவில்லை என்றுதான் போன வருஷம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.