அட்டாச் என்றால் ஒட்டு

ஒரகடம் போகும் சாலையில் இருந்த ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் நான் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். வீட்டிலேயே இங்கிலீஷ் தெரிந்தவள் நான்தான் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். செல்போனில் மெசேஜ் வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். தெரியாத வார்த்தை வந்தால் தெரிந்ததுபோல ஏதாவது சொல்லிவிடுவேன். யாரும் கண்டுபிடித்ததில்லை.

அம்மாவின் தங்கை, என் சித்தி, அப்போது எங்களோடு இருந்தாள். கம்பெனியில் காண்ட்ராக்ட் முடிந்ததும், அடுத்த வேலை கிடைக்கும்வரை என்று ஒரு பையோடு வந்தவள். மழைக்காலம் போயும் வேலை கிடைக்கவில்லை. எனக்குத் தலை வாரிவிடுவது, பள்ளிக்குக் கூட்டிப்போவது எல்லாம் அவள்தான். தூக்கமும் அவள் பக்கத்தில் படுத்தால்தான் எனக்கு வரும்.

பெற்றோர் கூட்டத்துக்கு அம்மாவும் சித்தியும் சேர்ந்தே வந்தார்கள். மிஸ் கேரளாக்காரர், தமிழ் வராது. மார்க்கைப் பற்றிப் பேசி முடித்ததும் சித்தியைப் பார்த்துச் சிரித்து, "ஷி ஈஸ் வெரி அட்டாச்டு டு ஹர் ஆன்ட்டி" என்றார்.

"இன்னாடி சொல்றாங்க?" என்றாள் அம்மா.

அட்டாச் எனக்குத் தெரிந்த வார்த்தை. கிராஃப்ட் நோட்டில் அப்படிப் போட்டிருந்தால் பசை தடவிப் படத்தை ஒட்ட வேண்டும். யார் யாரோடு ஒட்டியிருக்கிறார்கள் என்பதில்தான் குழப்பம். மிஸ்ஸின் முன்னால் முழிக்க வெட்கமாக இருந்தது.

"சித்தி நம்ம வூட்டுல ஒட்டிக்கினு கீறாங்களாம்" என்றேன், சத்தமாக.

பின்னால் காத்திருந்த ஒரு பெண் களுக்கென்று சிரித்தார். சித்தி துப்பட்டாவை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். அம்மா மிஸ்ஸுக்கு வணக்கம் வைத்துவிட்டு எழுந்தாள்.

அதோடு விட்டேனா? சாயங்காலம் அப்பா ஷிப்ட் முடிந்து வந்ததும் நானே ஓடிப்போய் மறுபடி சொன்னேன். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

"பாத்தியா, மிஸ்ஸுக்கே தெரிஞ்சிபோச்சி!"

உள்ளே சித்தி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அம்மா தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த தோசை ஒரு பக்கம் கருகியிருந்தது. அதற்கும் முகத்தைச் சுளித்தேன்.

அந்த வாரமே சித்தி வல்லக்கோட்டைப் பக்கம் ஒரு லேடீஸ் ஹாஸ்டலுக்குக் கிளம்பினாள். வேலை கிடைத்துவிட்டதா என்று கேட்டேன். "கெடைச்சிடும்" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். விரல் விரலாகப் பிரித்து எடுத்துவிட்டுப் போனாள்.

எட்டாம் வகுப்பில், நாய்க்குட்டிமேல் உயிரையே வைத்திருந்த ஒரு பையனின் கதையில் அதே வார்த்தை வந்தது. டீச்சர் அர்த்தம் சொன்னபோது எனக்குக் காது சுட்டது. தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தேன். அதன்பிறகு ஒவ்வொரு பண்டிகைக்கும் சித்தி வந்தாள். ஒவ்வொரு முறையும் சொல்ல வாயெடுத்து, வேறு எதையோ பேசினேன்.

போன தீபாவளிக்குக் குன்றத்தூரில் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோதுதான் சொன்னேன். மிஸ் சொன்னது சித்தியைப் பற்றி அல்ல, என்னைப் பற்றி. நான் அவள்மேல் உயிராக இருக்கிறேன் என்றுதான் சொன்னார்.

சித்தி வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"அது எனக்கு அன்னிக்கே தெரியும்டி. குத்திப் பேசறவங்க உங்க மிஸ் மாரியா சிரிப்பாங்க? உங்கப்பா சிரிச்சாரு, அதுவும் போவட்டும்." அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். "அப்பிடிலாம் இல்லன்னு எங்கக்கா ஒரு வார்த்தை சொல்லுவான்னு பாத்துக்கினே இருந்தேன்."