வேன் மாமாவின் இமைகள்

பக்கத்து வீட்டு வேன் மாமாவுக்குப் பிறவியிலேயே இமைகள் பாதி மூடித்தான் இருக்கும். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கடைக்காரர் உள்ளேயே உட்கார்ந்திருப்பாரே, அந்த மாதிரி. வியாபாரம் உண்டா இல்லையா என்று குனிந்து கேட்டால்தான் தெரியும். பிழைப்போ, பள்ளிக்கூட வேன் ஓட்டுவது. பிள்ளையை ஏற்றிவிட வரும் அம்மாக்கள் முதல் நாள் அவரைப் பார்த்ததும் பிள்ளையின் கையை விடமாட்டார்கள். டிரைவர் தூங்குகிறார் என்று பள்ளிக்கூடத்துக்குப் போன புகார்களை அடுக்கினால் ஒரு புத்தகம் தேறும். நான் இதுவரை படித்ததைவிட அது தடிமனாகவே இருக்கும்.

அதனால்தான் அவர் மனைவியான அத்தையும் வேனில் ஏறினார். பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலை என்று பேர். உண்மையில், டிரைவர் விழித்திருக்கிறார் என்பதற்கு நடமாடும் சாட்சி. மாமாவுக்கு நேர் பின்னால் உட்கார்ந்து, மேலே மாட்டியிருக்கும் கண்ணாடியில் அவர் கண்ணைப் பார்த்தபடியே வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வருவார். பிள்ளைகள் அழுதால் மாமா மாதிரியே முகத்தை வைத்துக் காட்டுவார். இமையைத் தொங்கவிட்டு, புருவத்தைத் தூக்கி, கீழுதட்டைப் பிதுக்கி அவர் காட்டினால் வேனே குலுங்கும். மாமாவும் சேர்ந்து சிரிப்பார். நானும் முயன்று பார்த்திருக்கிறேன். எனக்கு வந்தது பல்வலிக்காரன் முகம்தான்.

எங்கள் தெருதான் ஊருக்குக் கடைசி. அதற்கப்புறம் காலி மனைகள், புதர், யாரோ வீடு கட்டக் கொட்டிவிட்டு மறந்துபோன செங்கல் குவியல். குப்பைக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும், பாம்பைப் பிடிக்க ஆள் வருவார், அவரை வேடிக்கை பார்க்க நாங்கள் எல்லோரும் வருவோம். நல்ல பாம்பாவது படமெடுத்து, சீறி, வந்த விவரத்தைச் சொல்லும். கட்டுவிரியனுக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது. ராத்திரி கதவிடுக்கில் நுழைந்து, தரையில் தூங்குகிற ஆள் புரண்டால் கடித்துவிட்டுப் போய்விடும். பெரிதாக வலிக்காது, தடம்கூடத் தெரியாது. தெருவில் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தும், புழுக்கத்துக்குப் பயந்து எல்லோரும் வெறுந்தரையில்தான் படுப்போம்.

அன்று காலை பள்ளிக்கூடம் போக வேனில் ஏறிய முதல் ஆள் நான். வயிற்றை வலிக்கிறது, தொண்டையை அடைக்கிறது என்றார் மாமா. கண்ட கடையில் கண்டதைத் தின்றால் அப்படித்தான் என்று அத்தை ஆரம்பித்தார். தெருமுனைகூடத் திரும்பவில்லை, பேச்சு பாதியில் நின்றது. அத்தையின் வாய் தானாக நின்று நான் பார்த்ததே இல்லை.

"வண்டிய ஓரங்கட்டுங்க."

"ஏன், யாரையாவது விட்டுட்டோமா?"

"உங்க கண்ணு இறங்கியிருக்கு."

"அது என்னைக்கு ஏறியிருந்துச்சு?"

"எப்பவும் ஒரு கண்ணு கொஞ்சம் மேல இருக்கும். இன்னைக்கு ரெண்டும் ஒண்ணா இருக்கு. ஓரங்கட்டுங்கன்னா."

அந்த வழியாக வந்த ஆட்டோவை மறித்து மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான் எதற்குப் போனேன் என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

டாக்டரம்மாவுக்குச் சின்ன வயசுதான். கடிபட்ட இடம் உண்டா என்றார். இல்லை. பாம்பைப் பார்த்தீர்களா என்றார். இல்லை. இதற்குள் மாமா, நாக்கு குழறக் குழற, தன் கண் பிறவியிலேயே இப்படித்தான் என்று லைசென்ஸை எடுத்து நீட்டிவிட்டார். அந்தப் படமும் அரைத்தூக்கத்தில்தான் இருந்தது. நர்ஸ் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றாகத்தான் இருக்கிறது என்றார். பிள்ளைகள் ரோட்டில் நிற்பார்கள், வயிற்று வலிக்கு ஒரு மாத்திரை போதும் என்று மாமா எழுந்திருக்கப் பார்த்தார்.

அத்தை அவரைத் தோளில் அழுத்தி உட்கார வைத்தார். "டாக்டர், என்னைப் பாருங்க. இது தினமும் இருக்கிற இவரு." வேனில் காட்டும் அதே முகம். வரிசையில் நின்றவர்கள் குபீரென்று சிரித்தார்கள்.

"இது இன்னைக்கு."

புருவம் நெற்றிக்கு ஏறியது, இமை அதோடு சேர்ந்து ஏறவில்லை. உதடு ஒட்டவே இல்லை. சிரிப்பு அப்படியே அடங்கியது.

டாக்டர் முதலிலும் சிரிக்கவில்லை. மாமாவைத் தலையை அசைக்காமல் தன் விரலைப் பார்க்கச் சொன்னார். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு எண்ணச் சொன்னார். தினமும் ஒரு வேன் பிள்ளைகளை எண்ணுகிற மனுஷன், பாதி வேன் நிறைவதற்குள் மூச்சு வாங்கி நின்றார். கட்டுவிரியன் மாதிரி இருக்கிறது, அதன் விஷம் முதலில் இமையைத்தான் இறக்கும், மருந்தை ஏற்றுங்கள் என்றார் டாக்டர். அதுவரை நடந்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஓடினார்கள்.

மருந்து ஏறியும், மதியத்துக்குள் மூச்சுவிட மெஷின் வைக்க வேண்டியதாயிற்று. இமைகள் முழுசாக மூடிக்கொண்டன, கைகால் அசையவில்லை. பிழைப்பாரா என்று அத்தை கேட்டார். டாக்டர் மழுப்பவில்லை. இன்னும் சொல்ல முடியாது, ஆனால் அவருக்குக் காது கேட்கும், பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள் என்றார்.

ஒருவரைத்தான் உள்ளே விடுவார்கள். நான் அத்தையின் அண்ணன் பிள்ளை என்று புளுகி நுழைந்துவிட்டேன்.

கட்டின நாளிலிருந்து புருஷனைக் கேலி பண்ணியே பழகியவருக்கு ஆறுதலாக நாலு வார்த்தை வரவில்லை. கையைப் பிடித்தார், விட்டார், சுருக்கமே இல்லாத போர்வையை நீவினார். கடைசியில் வந்தது இதுதான்.

"லைசென்ஸ எடுத்து நீட்டுறீங்களா? இத்தனை வருஷமா உங்களுக்கு நான் சாட்சி, நீங்க எனக்கு எதிர்சாட்சியா? வீட்டுக்கு வாங்க, வச்சுக்கறேன்." மறுபடி போர்வையை நீவினார். "வந்துடுங்க. அது போதும்."

அப்புறம் நாள் பூராவும் திட்டினார். மறுநாளும். அதற்கடுத்த நாள் திட்டின் நடுவே மாமாவின் கால் கட்டைவிரல் அசைந்ததை நான் காட்டினேன். தானாக அசைந்திருக்கும் என்றார் நர்ஸ். அத்தை அவர் காதருகே குனிந்து, நான் திட்டுவது கேட்கிறதென்றால் இன்னொரு தடவை ஆட்டுங்கள் என்றார். ஆட்டினார். எனக்கு ஜன்னலுக்கு வெளியே அவசரமாக எதையோ பார்க்க வேண்டியிருந்தது.

மாமா வீடு திரும்பிவிட்டார். தெருவே சேர்ந்து செங்கல் குவியலை அப்புறப்படுத்தியது. கதவிடுக்கை அடைத்தாயிற்று. பாம்பு மட்டும் கிடைக்கவில்லை. இங்கேதான் எங்கேயோ இருக்கும், அதற்கும் போக்கிடம் இல்லை, எங்களுக்கும் இல்லை. மாமாவும் அத்தையும் ஒரு கட்டில் வாங்கிப் போட்டார்கள். இன்னொன்றுக்கு அந்த அறையில் இடமில்லை. ஒருவர் படுக்கிற கட்டிலில், கொசுவலையை மெத்தைக்கடியில் செருகிக்கொண்டு இரண்டு பேர். மாமா சுவர் ஓரம், அத்தை வெளி ஓரம். நான் அந்தப் பக்கம் படுக்கிறேனே என்று மாமா கேட்டிருக்கிறார்.

"நீங்க பொத்துனு விழுவீங்க, என் தூக்கம் கெடும்" என்றாராம் அத்தை. "சுவரைப் பாத்துப் படுங்க."