பேதி உப்பும் நெஞ்சு மாத்திரையும்

1961 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை. வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுத் தப்பு அடித்தபோது என் மனைவி ரொட்டி சுட்டு முடித்திருந்தாள். எனக்குத் தேத்தண்ணி வைத்துவிட்டு, மாடத்திலிருந்த போத்தலைத் திறந்து நெஞ்சு மாத்திரை ஒன்றை விழுங்கினாள். டவுன் ஆஸ்பத்திரி டாக்டர் கொடுத்தது. அவளுடைய இளைப்பும் கால்வீக்கமும் அதில்தான் அடங்கியிருந்தன. ஒரு நாளும் விடக்கூடாது என்று அவர் சொல்லியிருந்தார். அவள் விட்டதில்லை.

எனக்குத் தேயிலை ஸ்டோரில் வேலை, அவள் கொழுந்தெடுப்பவள். பெரட்டுக்களம் வரை சேர்ந்து நடந்தோம்.

அந்த வாரம் தோட்டத்து ஆட்கள் எல்லோருக்கும் குடற்பூச்சி மருந்து கொடுத்தார்கள். முதல் நாள் பேதி உப்பு. மறுநாள் பூச்சி மருந்து, அதன்மேல் மறுபடியும் பேதி உப்பு. தோட்டத்து மருந்துக்காரரான டிஸ்பென்சர் முன்னால் நின்று குடித்துக் காட்டினால்தான் பேர் பதிவார்கள். பேர் பதியாவிட்டால் வேலை இல்லை. கொழுந்துக்காரர்களுக்குத் திங்களன்றே தொடங்கிவிட்டது. ஸ்டோர்க்காரர்களுக்குப் புதன்.

திங்கள் உப்பிலேயே அவள் துவண்டிருந்தாள்.

"ஐயா, நான் நெஞ்சுக்கு மாத்திரை போடுறேங்க. நேத்தெல்லாம் போயிக்கிட்டே இருந்துச்சுங்க."

"போறதுக்குத்தானே குடுக்குறது? அது நெஞ்சுக்கு, இது வயித்துக்கு. ரெண்டும் சண்டையா போடப்போகுது?" என்றார் டிஸ்பென்சர்.

பின்னால் நின்ற பெண் சிரித்தாள். "குடிச்சிரு அக்கா. இன்னைக்கு மலையில கொழுந்து நெரை கெடையாது, ஓடை ஓரந்தான் நமக்கு நெரை."

அவள் குடித்தாள்.

மத்தியானம் இரண்டு பெண்கள் அவளைத் தாங்கி ஸ்டோர் வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். உதடு வெளுத்திருந்தது.

"நெஞ்சுக்குள்ள என்னமோ குதிக்குதுங்க. ஒண்ணு அடிக்குது, ஒடனே இன்னொண்ணு முட்டுது, அப்புறம் நின்னே போயிருது."

மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். சொன்னபடியேதான் இருந்தது. லொறி வாசலிலேயே நின்றது. ஆனால் தேயிலைப் பெட்டிகள் ஏறி முடியாமல் நகராது என்றார் தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு. ஏறி முடித்தபின் பெட்டிகளுக்கு இடையில் அவளைப் படுக்கவைத்து, பொகவந்தலாவை வளைவுகளில் தலையைப் பிடித்தபடி போனேன்.

டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் நாடியைப் பிடித்தார். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். பேதி உப்பு என்றதும் நர்ஸை மருந்துக்கு விரட்டினார். மருந்து வருமுன் அவள் கண் மேலே செருகியது. நாடி நின்றுவிட்டது.

வராந்தாவில் அவர் விளக்கியதை அப்படியே எழுதுகிறேன். துடிப்புக்கான கட்டளை இதயத்தின் மேல் அறையிலிருந்து வருகிறது. கீழ் அறைகள் அதற்குப் பிறகே அடிக்க வேண்டும். அந்த மாத்திரை இதயத்துக்கு வலுக் கொடுக்கும், கூடவே கீழ் அறைத் தசையை உசுப்பியும் வைக்கும். அதை அடக்கி வைத்திருப்பது இரத்தத்திலுள்ள பொட்டாசியம் என்ற உப்பு. பேதியில் அது வெளியேறிவிட்டது. அதனால் கட்டளை வருமுன்னே கீழ் அறையில் ஏதோ ஓரிடம் தானாக அடித்திருக்கிறது. அவள் சொன்ன இரண்டாவது முட்டல் அதுதான். அப்படி ஓர் அடி தவறான நேரத்தில் விழுந்தால், துடிப்பு தசைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓடத் தொடங்கும். இழைகள் தனித்தனியே நடுங்கும். இதயம் அசைந்துகொண்டுதான் இருக்கும். இரத்தம் மட்டும் வெளியே போகாது.

மாத்திரையை நிறுத்தி, அந்த உப்பை நேரத்தோடு கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். பிழைத்திருக்கலாம் என்றார். சான்றிதழில் இதய நோய் என்று எழுதினார். பேதி உப்பு என்று ஒரு நோய் இல்லை.

புதன்கிழமை முதல் பஸ்ஸில் தோட்டத்துக்கு வந்தேன். அவளைக் கொண்டுவர லொறி கேட்க வேண்டும். கண்டாக்கு பெரட்டுக்களத்தில் நின்றார். ஸ்டோர்க்காரர்கள் வரிசையில் நின்றார்கள். செய்தியைச் சொன்னேன்.

"அடடா," என்றார் டிஸ்பென்சர். "ஏற்கெனவே வீக்கான ஒடம்பு."

"லொறி தர்றேன்," என்றார் கண்டாக்கு. "பேரப் பதிஞ்சிட்டுக் கேளு."

டிஸ்பென்சர் குவளையை நீட்டினார். முதலில் அதைக் குடித்தேன்.