இடது பக்கம் போன ஸ்பிரிங்

என் மாமனார் என் பிக்கப்பில் ஏறவே மாட்டார். அவர் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர். நான் வெள்ளவத்தைச் சைவக்காரன். அவருடைய ஒரே மகளை அவர்களுடைய தேவாலயத்தில் வைத்துக் கட்டாமல் பதிவுக் கந்தோரில் கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கொண்டு வந்தவன். அதற்காக அவர் என்னோடு சண்டை பிடித்ததில்லை. போனால் நல்ல சாப்பாடு தருவார், வாசல் வரை வந்து வழியனுப்புவார். “ஏறுங்கோ மாமா, கொண்டுபோய் விடுறன்” என்றால் மட்டும், “வேணாம், எனக்கு த்ரீவீல் போதும்” என்று மழையில் நனைந்தபடி ரோட்டைப் பார்த்துக் கை காட்டுவார்.

அப்படிப்பட்டவர் இந்த வருடம் அவர்கள் தெருச் சிற்றாலயத்தின் திருநாள் கூட்டத்தில் எழுந்து, “எங்கட மருமகன்ட பிக்கப் இருக்குதானே” என்று சொல்லியிருக்கிறார். வழக்கமாகத் திருநாள் ஊர்வலத்தில் புனிதரின் சுரூபத்தை ஏற்றும் லொறியை அதன் சொந்தக்காரர் விற்றுவிட்டாராம். செய்தியை மனைவி சொன்னபோது எனக்கு வந்த சந்தோஷத்தில் அன்று இரண்டு தடவை வாகனம் கழுவினேன்.

அடுத்த நாள் மாமனார் பஸ்ஸில் வந்து இறங்கினார். பிக்கப்பின் முன்னால் நின்று தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார்.

“ட்ரைவர் பக்கம் சரிஞ்சு நிக்குதே. மேல புனிதர் நிக்கிறவர். சனம் என்னைத்தான் கேக்கும்.”

“முன் ஸ்பிரிங் ரெண்டும் இறங்கிப் போச்சு மாமா. நான் மாத்திறன்.”

மாற்றுவிக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். நான் காப்புறுதிக் கம்பனியில் வேலை பார்ப்பவன். மற்றவர்கள் வாகனம் திருத்திய கதையெல்லாம் படித்து, ‘இது வேண்டாத வேலை’ என்று குறிப்பெழுதுவதுதான் தொழில். அந்தத் துணிச்சலில் ஸ்பனர் பிடிக்கவும் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

பஞ்சிகாவத்தையில் புது ஸ்பிரிங் இரண்டு வாங்கினேன். கடைக்காரர் ஒன்றில் இருந்த மஞ்சள் பெயின்ற் அடையாளத்தைக் காட்டி, அதுதான் ட்ரைவர் பக்கம், கொஞ்சம் உயரம் கூட, மாற்றிப் போட்டுவிட வேண்டாம் என்று சிங்களத்தில் சொன்னார். ‘தெரியும்’ என்று தலையாட்டினேன். தெரியாத விஷயத்துக்குத்தான் நான் பலமாகத் தலையாட்டுவேன்.

திருநாளுக்கு முதல் நாள், சனிக்கிழமை. ராகுகாலம் கழியட்டும் என்று தேத்தண்ணி குடித்துக் காத்திருந்துவிட்டு, பிளாட்டுக்குக் கீழே ஜாக் அடித்தேன். போனை டயரில் சாய்த்து வைத்து, இதே ரகப் பிக்கப்பைத் திருத்தும் ஓர் அமெரிக்கத் தாடிக்காரரின் வீடியோவைப் பார்த்துப் பார்த்து வேலை செய்தேன். அவர் ஒரு தட்டுத் தட்டியதும் கழன்ற போல்ட், எனக்கு ஏறி நின்று மிதித்தும் அசையவில்லை. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கிளாம்பை மாட்டியதும், பல்கனியில் சாறம் காயப்போட வந்த மேல்வீட்டுக்காரர், “அது தெறிச்சால் தலை போயிடும், கவனம்!” என்றார். மனைவி ஓடிப்போய் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைக் கொண்டுவந்து என் தலையில் கவிழ்த்தாள். மீதி வேலை முழுவதையும் கடற்கரை ரயிலில் போகிறவர்கள் பார்க்கும்படி ஹெல்மெட்டோடுதான் செய்து முடித்தேன்.

பொழுது சாயும் நேரம் ஜாக்கை இறக்கினேன். பிக்கப் முன்பைவிட மோசமாக வலப்பக்கம் சாய்ந்தது.

“புது ஸ்பிரிங். ஓட ஓடப் படிஞ்சிடும்” என்றேன்.

ஓட்டிப் பார்த்தேன். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை ஓடியும் அது படியவில்லை. ஞாயிறு பின்னேரம் சுரூபத்தை ஏற்றி, பூவும் மின்விளக்கு வளைவும் கட்டியதும் குறை நன்றாகத் தெரிந்தது. சுரூபத்துக்கு அடியில் பலகைத்துண்டு வைத்தார்கள். புனிதர் நிமிர்ந்தார், வளைவு சரிந்தே நின்றது. தெருச் சனம் சரிவைப் பார்த்துவிட்டு மாமனாரைப் பார்த்தது.

மனைவி என் போனை வாங்கி அந்த வீடியோவை ஓடவிட்டாள்.

“இங்க பாருங்க, இந்தாள் மஞ்சள் அடையாளம் போட்டத எந்தப் பக்கம் பூட்டுறார்?”

“இடப்பக்கம்.”

“அவர்ட வண்டியில ஸ்டியரிங் எந்தப் பக்கம்?”

“அதுவும் இடப்பக்கம்தான்” என்றேன். தினமும் வலப்பக்கக் கதவைத் திறந்து ஏறுகிற மனிதன், அமெரிக்காக்காரனின் ட்ரைவருக்கு ஸ்பிரிங் போட்டிருக்கிறேன். ராகுகாலம் பார்த்தவன் ஸ்டியரிங்கைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற மாமனாருக்கும் எல்லாம் கேட்டது. கழற்றிப் பூட்ட இன்னொரு முழுநாள் வேண்டும். சுற்றுப்பிரகார ஊர்வலம் தொடங்க மணி அடித்துவிட்டது. அவர் கூட்டத்தில் எழுந்து என்னை ‘எங்கட மருமகன்’ என்று சொன்னது இதற்காகவா என்று நினைக்க எனக்கு அழுகை வந்தது.

அவர் ஒவ்வொரு வருடமும் சுரூபத்துக்கு முன்னால் பெரிய மெழுகுதிரியை ஏந்தி நடப்பவர். அது அவருடைய இடம், வேறு யாருக்கும் கொடுத்ததில்லை. அன்று அந்தத் திரியை மகளின் கையில் கொடுத்தார். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு நேரே வந்து பிக்கப்பின் இடப்பக்கக் கதவைத் திறந்தார்.

மாமனார் நல்ல பாரமான ஆள். அவர் உட்கார்ந்ததும் பிக்கப் ஒருமுறை முனகிவிட்டு இடப்பக்கம் இறங்கியது. பின்னால் நின்றவர்கள், “ஆ, இப்ப நேர்!” என்று கத்தினார்கள்.

“மெதுவா ஓட்டுங்க, மருமகன்” என்றார் அவர். “சடார்னு ப்ரேக் போடாதீங்க. மேல ஆள் நிக்கிறார்.”

ஜெபமாலையை உருட்டிக்கொண்டு அவரும், கிளட்சை மிதித்து மிதித்துக் கால் நடுங்க நானும் தெருத் தெருவாகப் போய் வந்தோம். முன்னால் திரியோடு நடந்த மனைவி எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

சுரூபத்தை இறக்கிய பிறகும் அவர் இறங்கவில்லை. சீட்டைப் பின்னால் தள்ளிக் காலை நீட்டிக்கொண்டார். எனக்கு வெட்கம் தாங்கவில்லை.

“வாற சனிக்கிழமை ஸ்பிரிங்கை மாத்திப் பூட்டிடுவன் மாமா. பிறகு ஒருத்தரும் இடப்பக்கம் இருக்கத் தேவையில்லை.”

“அதுக்கு இப்ப என்ன அவசரம்?” என்றார். “நான் இருக்கேன்தானே.”