தங்கச்சி ஒப்பாரியில் செய்த வாத்தியம்

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். ஆனாலும் திருவிடைமருதூரைச் சுற்றிக் கல்யாணமோ காரியமோ, ஒலிபெருக்கி கட்ட என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு குழாய் ஸ்பீக்கரும் ஒரு மைக்கும் வைத்துத் தொடங்கியவன், இன்று இரண்டு லாரி நிறைய செட்டு வைத்திருக்கிறேன். எந்த எஞ்சினீயரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இரைச்சல் எந்த வயரில் வருகிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட காதுக்கு வந்த கேவலத்தைத்தான் எழுதுகிறேன்.

தங்கச்சி வீட்டுக்காரர் இறந்த அன்று அவள் முன்னால் மைக்கை வைத்தவன் நான்தான். எங்கள் பக்கம் சாவு வீட்டு ஒப்பாரி ஒலிபெருக்கியில் ஊருக்கே கேட்க வேண்டும், அது வழக்கம். நடவுக்குத் தண்ணீர் கட்டப் போன மனுஷன் வாய்க்கால் மேட்டில் விழுந்து கிடந்ததையும், மண்வெட்டி மட்டும் சேற்றில் நிமிர்ந்து நின்றதையும் அவளே கட்டிப் பாடி அழுதாள். அதைப் பதிவும் செய்து வைத்தேன். அவ்வளவு சுத்தமான பதிவை இந்தக் காவிரிப் பக்கத்தில் வேறு எவனாலும் எடுக்க முடியாது. இப்போதும் சொல்வேன்.

என் மகன் கடை மாடியில் கம்ப்யூட்டர் வைத்துப் பாட்டுக்கு மெட்டுப் போடுகிறான். வீணை, வயலின், நாகஸ்வரம் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறதாம். நிஜக் குரல் ஒன்றைக் கொடுத்தால் அதைத் துண்டு போட்டுக் கீபோர்டு கட்டைகளில் ஏற்றிவிடுமாம். அதற்குப் பெயர் சாம்ப்ளர்.

"சுத்தமான பொம்பள வாய்ஸ் ஏதாச்சும் இருக்காப்பா?" என்று ஒரு நாள் கேட்டான். பெருமையில் நானே அந்தப் பதிவை எடுத்துக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை.

போன தையில் பங்காளி வீட்டுக் கல்யாண வரவேற்பு. செட்டு என்னுடையது. தங்கச்சி பந்தியில் உட்கார்ந்திருந்தாள். பையன்கள் ஆட ஒரு பாட்டு போட்டார்கள். திம்திம்மென்று அடி. நடுவில் ஒரு பெண் குரல், "ராசா... ரா ரா ரா... ராசா" என்று. ஒரு தடவை ஆம்பளை மாதிரி கட்டையாக, மறு தடவை குழந்தை மாதிரி கீச்சென்று. அது கேவுகிற இடத்துக்கெல்லாம் விசில்.

தங்கச்சி சோற்றிலிருந்து கையை எடுத்தாள்.

"அண்ணே, அது நான் அழுதது."

பக்கத்து இலைக்காரி சிரித்தாள். "யக்கா, சொல்லவே இல்ல! சினிமால பாடுறியா?"

தங்கச்சி பாதி இலையில் எழுந்து போய்விட்டாள். ஓடிப்போய் வயரைப் பிடுங்கினேன். "என்ன மாமா, கரண்டு போயிடுச்சா?" என்று கேட்டான் மாப்பிள்ளை.

மறுநாள் காலையில் மாடிக்கு ஏறினேன். மகன் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தான்.

"அழிடா அத."

"எங்கிட்ட இருக்கறத அழிச்சிடுறேம்ப்பா. நெட்டுல போட்டு விட்டாச்சே. எவனெவனோ எறக்கி அவனவன் பாட்டுல சேத்துக்கிட்டான்."

"உங்க அத்தைடா அவ!"

"அத்தை பேரு எங்கயும் போடலப்பா. 'தஞ்சாவூர் சோகம்'னுதான் போட்டிருக்கு."

என்னைச் சமாதானம் பண்ணுவதாக நினைத்து, எண்ணெய் விரலால் ஒரு கட்டையை அழுத்தினான். தங்கச்சி விம்மினாள். மூன்று விரலை வைத்தான். மூன்று தங்கச்சிகள் ஒன்றாக அழுதார்கள்.

"கோரஸ் கேளுங்கப்பா. என்னா ஃபீலு!"

தூ என்று அங்கேயே துப்பினேன். என் ரத்தத்தில் இப்படி ஒன்று பிறந்திருக்கிறது. அதற்கு எடுத்துக் கொடுத்தவன் நான். பக்கத்தில் நின்று அழிக்க வைத்தேன். ஊரெல்லாம் போனதை எவன் அழிப்பான்?

ஆவணியில் எங்கள் மூத்த அண்ணன் இறந்தார். செட்டைக் கொண்டுபோகாமல் நான் போன முதல் சாவு அதுதான். பெண்கள் தோளைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து, தங்கச்சி எடுத்துக் கொடுப்பாள் என்று காத்திருந்தார்கள். அவள் ஒவ்வொருத்தி மடியிலும் இருந்த செல்போனைப் பார்த்தாள்.

"ஏண்டி, கூடப் பொறந்தவன் கெடக்கான், வாயத் தொறக்க மாட்டேங்குற?" என்று சின்னம்மா அதட்டினாள்.

"நான் அழுதா அத வச்சு எவனாச்சும் ஆடுவான் சின்னம்மா."

புடவைத் தலைப்பைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள். அண்ணனைத் தூக்கும் வரைக்கும் அதை எடுக்கவில்லை.